கிணற்றுக் கல்லில் எழுதியிருக்கும் கடலின் கதை

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலோ அயலிலுள்ள தீவுகளிலோ கிணறு வெட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதியதன்று. மேல்மண் சில அடிகளோடு தீர்ந்துவிடும். அதன்பின் வருவது கல். அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு உடைத்து மேலே ஏற்றப்படும் அந்தக் கல் வேலியோரத்தில் குவியும். அதில் ஒரு பகுதி மதிலாகும். ஒரு பகுதி அத்திவாரத்தில் இறங்கும். எஞ்சியது ஒழுங்கையின் பள்ளத்தை நிரப்பும். ஊறும் தண்ணீர் நல்லதா உவரா என்பதே வீட்டுக்காரரின் கவலை. கல்லைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அந்தக் கல் கடலில் பிறந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதில் பதிந்திருக்கும் சிப்பியும் சங்கும் அதற்குச் சாட்சி. ஆனால் அது எத்தகைய கடல்? வெயில் அடிவரை எட்டிய தெளிந்த ஆழமற்ற நீரா? ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிய கலங்கல் நீரா? ஒட்சிசன் நிறைந்து உயிர்கள் செழித்த நீரா, அன்றி மூச்சுத் திணறிக் கிடந்த நீரா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன அக்கடலின் ஒரு துளி நீரும் இன்று நம்மிடம் இல்லை. இருந்தும் இவ்வினாக்களுக்கு விடை தேட ஒரு வழி உண்டு. அருமண் மூலகங்கள் எனப்படும் ஒரு கூட்டம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில் அந்தக் கல்லினுள் அடைபட்டுக் கிடக்கிறது. அவற்றின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பழைய கடலின் தன்மை தெரியவரும். அது எவ்வாறு என்பதையும், தீவக மக்கள் அதில் அக்கறை கொள்ள வேண்டியது ஏன் என்பதையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

நம் காலடியிலுள்ள பாறை

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. வடக்கும் வடமேற்குக் கரையும் அதற்கு விதிவிலக்கு. புத்தளப் பகுதியிலிருந்து மன்னார் ஊடாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை, கடலோரமாகச் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கிறது. குடாநாட்டிற்கும் தீவகத்திற்கும் இதுவே அடித்தளம். புவிச்சரிதவியலாளர் இதனை யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் என்றே அழைக்கின்றனர். வேலண்ட், டேவிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1923ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட கட்டுரை இலங்கையின் மயோசின் காலப் பாறைகளை உலகுக்கு விரிவாக எடுத்துரைத்தது. மயோசின் என்பது இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலப்பகுதி.

இந்தக் கல்லின் வயதைச் சொல்லியவை அதிலுள்ள உயிர்ச்சுவடுகளே. போராமினிபெரா எனப்படும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் அவற்றுள் தலையாயவை. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் காணப்படும் ஓர் இனம் கேரளத்தின் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. மலபாரின் பெயரையே அந்த உயிர் தன் அறிவியற் பெயரில் தாங்கி நிற்கிறது. கொல்லத்தையும் குடாநாட்டையும் ஒரே காலத்தில் ஒரே வகையான வெப்பக் கடல் தழுவியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கூறிவைப்பது நன்று. நெடுந்தீவில் வேலிகளாக அடுக்கப்பட்டிருக்கும் முருகைக்கற்கள் வேறு. அடித்தளத்திலுள்ள மயோசின் சுண்ணாம்புக்கல் வேறு. முருகைக்கல் புவியின் கணக்கில் மிக அண்மையது. வெள்ளையாக இருப்பன எல்லாம் ஒரே வயதினவல்ல. கற்களைக் கொண்டு பழங்கடலை ஆராயப் புறப்படுபவர் முதலில் செய்யவேண்டியது, கையிலுள்ள கல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெளிவதே.

உயிர்ச்சுவடுகள் வயதையும் வாழ்விடத்தையும் சொல்லும். ஆனால் நீரின் இரசாயனத்தை முழுமையாகச் சொல்ல அவற்றால் இயலாது. அந்த இடத்தை நிரப்ப வருபவைதாம் அருமண் மூலகங்கள்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

மூலக அட்டவணையின் அடியில் தனியே பிரித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு வரிசையைப் பலரும் பார்த்திருப்பர். அணுவெண் 57 கொண்ட லந்தனம் தொடக்கம் 71 கொண்ட லுற்றீசியம் வரையிலான 15 மூலகங்கள் அவை. குணத்தால் ஒத்திருப்பதனால் அணுவெண் 39 கொண்ட இற்றியத்தையும் இக்கூட்டத்தோடு சேர்த்துக் கொள்வர். சுவீடனின் இற்றர்பி என்ற சிற்றூரில் 1787இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கருங்கல்லோடு இவற்றின் வரலாறு தொடங்குகிறது. அக்கல்லைப் பகுப்பாய்ந்த யொஹான் கடோலின் 1794இல் அதில் புதியதோர் 'மண்' இருப்பதாக அறிவித்தார். அருமண் என்ற பெயர் அவ்வாறு வந்தது.

பெயரில்தான் அருமை, உண்மையில் இவை அத்துணை அரியவையல்ல. புவியோட்டில் சீரியத்தின் பங்கு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 60. செம்பும் ஏறக்குறைய அதே அளவினதே. நம் அயலிலேயே இவற்றுக்குப் புகழ்பெற்ற இருப்பிடங்கள் உள. தமிழகத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மொனசைற்று மணல் 1909இல் இனங்காணப்பட்டது. அது அருமண் மூலகங்களின் களஞ்சியம். நம் நாட்டின் புல்மோட்டைக் கனிய மணலிலும் மொனசைற்று சிறிதளவில் கலந்திருக்கிறது. இலங்கையின் முதற் கனியவள ஆய்வுப் பணிப்பாளராக விளங்கியவர், பின்னாளில் கலைத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அவர் இங்கு கண்டெடுத்த தோரியனைற்று என்ற கனியம் 1904இல் அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. அருங்கனியங்களைத் தேடும் மரபு இந்நாட்டுக்குப் புதியதன்று.

இன்று காந்தங்களுக்காகவும் மின்னணுக் கருவிகளுக்காகவும் உலக நாடுகள் இம்மூலகங்களைத் தேடி அலைகின்றன. நம் கட்டுரையின் கருத்து அதுவன்று. சுண்ணாம்புக்கல்லில் இவை தோண்டி விற்கும் அளவில் இருப்பதில்லை. பத்து இலட்சத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரை இருந்தாலே அதிகம். விலைமதிப்பில் ஒன்றுமில்லாத அந்தச் சிற்றளவு, சான்று என்ற வகையில் பெருமதிப்புடையது.

அதற்குக் காரணம் இவற்றின் ஒற்றுமையே. பதினைந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. அனைத்தும் பெரும்பாலும் மூன்று வலுவளவு கொண்டு வினைபுரிகின்றன. இலேசான லந்தனத்திலிருந்து பாரமான லுற்றீசியத்தை நோக்கிச் செல்லச் செல்ல அயனின் பருமன் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஒரே மாதிரியான பிள்ளைகளிடையே ஒருவர் மட்டும் வேறுவிதமாக நடந்துகொண்டால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தோன்றுமல்லவா? இம்முறையின் சூட்சுமமும் அதுதான். கூட்டத்தின் பொதுப்போக்கிலிருந்து ஒரு மூலகம் விலகி நிற்குமாயின் அவ்விலகலுக்கு நீரிலோ சேற்றிலோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

கடல்நீரின் கைரேகை

இயற்கையில் இரட்டை அணுவெண் கொண்ட மூலகங்கள் அயலிலுள்ள ஒற்றை அணுவெண் கொண்டவற்றைவிட மிகுதியாக உள்ளன. ஆகவே அளவுகளை அப்படியே வரைந்தால் வாளின் பற்களைப்போல் ஏறியும் இறங்கியும் ஒரு கோடு வரும். அதிலிருந்து எதனையும் அறிய முடியாது. இதனைச் சீர்செய்ய ஒவ்வொரு மூலகத்தின் அளவையும் ஒரு பொது அளவுகோலால் வகுக்கின்றனர். அவுஸ்திரேலியாவின் ஷேல் எனப்படும் களிப்பாறைகளின் சராசரியே பெரிதும் பயன்படும் அளவுகோல். அதனை ரெயிலரும் மக்லெனனும் 1985இல் தொகுத்து வழங்கினர். கண்டங்களின் மேலோடு தேய்ந்து உருவான சேற்றின் பொது இயல்பு அதில் அடங்கியிருக்கிறது. கண்டத்துச் சேற்றை அதனால் வகுத்தால் ஏறக்குறைய மட்டமான கோடு கிடைக்கும். கடல்நீரை வகுத்தால் கிடைக்கும் கோடு முற்றிலும் வேறு.

கடல்நீரில் அருமண் மூலகங்கள் இருக்கும் அளவு வியப்பூட்டுவது. ஒரு இலட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு என்ற கணக்கில்தான் ஒவ்வொன்றும் கரைந்திருக்கிறது. அந்தச் சிற்றளவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடலில் மிதக்கும் துகள்கள் இலேசான அருமண் மூலகங்களை எளிதில் பற்றிக்கொண்டு அடியில் அமிழ்ந்துவிடுகின்றன. பாரமானவை நீரிலுள்ள காபனேற்றோடு இறுக்கமாகப் பிணைந்து கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. இதனால் கடல்நீரின் கோடு இலேசான பக்கத்தில் தாழ்ந்தும் பாரமான பக்கத்தில் உயர்ந்தும் அமைகிறது. லந்தனம் சற்றே மிகுந்திருக்கும். சீரியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். இற்றியத்தை ஒல்மியத்தால் வகுத்தால் வரும் விகிதம் களிப்பாறையில் 27ஐ அண்டியிருக்க, கடல்நீரில் பொதுவாக 44 தொடக்கம் 74 வரை உயர்ந்து காணப்படும்.

இந்நான்கு அடையாளங்களும் ஒருங்கே அமைந்த கோட்டைக் கடல்நீரின் கைரேகை எனலாம். கடலிலிருந்து கல்சியம் காபனேற்று படியும்போது நீரிலிருந்த அருமண் மூலகங்களையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. கைரேகையும் உடன் பதிந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. வெப்பும் கம்பரும் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்பு முருகைத் தொடரிலுள்ள ஹெரன் திட்டில், நுண்ணுயிர்கள் உருவாக்கிய இளம் சுண்ணப் படிவுகளை ஆராய்ந்தனர். அவற்றிலிருந்த அருமண் கோடு சூழவுள்ள கடல்நீரின் கோட்டை ஒத்திருந்ததாக 2000ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்தனர். கண்முன் இருக்கும் கடலையும் அக்கடல் ஆக்கிய கல்லையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த சோதனை அது. இன்றைய கல் இன்றைய கடலைச் சரியாகப் பதிந்திருக்கிறது என்றால், பழைய கல்லும் பழைய கடலைப் பதிந்திருக்கும் என்று நம்புவதற்கு இடமுண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் கானிங் வடிநிலத்திலுள்ள டெவோனியன் கால முருகைக் கற்களிலும் அதே கைரேகை இருப்பது 2004இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டது. அக்கற்களின் வயது 35 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

சீரியம் காட்டும் மூச்சு

கைரேகையின் நான்கு அடையாளங்களுள் சீரியப் பள்ளமே மிகவும் பேசப்படுவது. மற்றைய உடன்பிறப்புகள் மூன்று வலுவளவோடு நின்றுவிட, சீரியம் மட்டும் ஒட்சிசன் நிறைந்த நீரில் நான்கு வலுவளவுக்கு மாறிவிடுகிறது. மாறிய சீரியம் நீரில் எளிதில் கரையாது. மங்கனீசு, இரும்பு ஒட்சைட்டுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரைவிட்டு நீங்கிவிடும். ஆழ்கடல் தரையில் கிடக்கும் மங்கனீசு உருண்டைகளிற் பல சீரியம் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். கூட்டத்தில் ஒருவர் வெளியேறினால் அவருடைய ஆசனம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையான ஆசனமே கல்லில் பள்ளமாகப் பதிகிறது.

ஆகவே ஆழமான சீரியப் பள்ளம் ஒட்சிசன் நிறைந்த நீருக்கு அறிகுறி. ஒட்சிசன் குன்றிய நீரில் அத்துகள்களே கரைந்து, பற்றியிருந்த சீரியத்தை மீண்டும் நீருக்கு விட்டுவிடுவதால் பள்ளம் ஆழமிழக்கும் அல்லது மறையும். கடலின் மூச்சை அளக்கும் கருவியாகச் சீரியம் விளங்குவது இவ்வாறே.

இக்கருவி எவ்வளவு தொலைவு பின்னோக்கிப் பார்க்கவல்லது என்பதற்கு ஒரு சான்று கனடாவில் உண்டு. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில் ஸ்ரீப் றொக் என்ற இடத்தில் 280 கோடி ஆண்டுகள் தொன்மையான சுண்ணாம்புக்கல் உள்ளது. வளிமண்டலத்தில் ஒட்சிசன் பெருகத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே என்பது பொதுவான முடிவு. ஆயினும் ஸ்ரீப் றொக் சுண்ணாம்புக்கல்லில் சீரியப் பள்ளம் இருப்பதை 2014இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஒட்சிசனற்ற உலகின் நடுவே, ஆழமற்ற கடலில், ஒளித்தொகுப்பு செய்யும் நுண்ணுயிர்கள் ஆங்காங்கே ஒட்சிசன் திட்டுகளை உண்டாக்கி வைத்திருந்தன என்பது அவர்களது விளக்கம். பாலைவனத்துச் சோலையைப்போன்ற அத்திட்டுகளின் தடயத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு மூலகத்தின் குறைவே.

அதேவேளை அவசர முடிவுக்கும் இடமுண்டு. லந்தனம் தானே மிகுந்திருந்தால், அருகிலுள்ள சீரியம் குறைந்திருப்பதுபோன்ற பொய்த்தோற்றம் உண்டாகும். அதனைப் பிரித்தறிய சீரியத்தின் மறுபக்கத்திலுள்ள பிரசியோடைமியத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்று பௌவும் டல்ஸ்கியும் 1996இல் ஒரு வழிமுறை வகுத்தனர். இன்று கவனமாகச் செய்யப்படும் எந்த ஆய்வும் இச்சோதனையைத் தவிர்ப்பதில்லை.

சீரியத்தைப்போல் தனிவழி செல்லும் மற்றொன்று யூரோப்பியம். இது இரண்டு வலுவளவுக்குக் குறையக்கூடியது. கடலடியில் பீறிடும் கொதிநீர் ஊற்றுகளின் நீரில் யூரோப்பியம் மிகுந்திருக்கும். ஆகவே சுண்ணாம்புக்கல்லில் அது மேடாகத் தெரிந்தால் கொதிநீரின் கலப்பை ஐயுற வேண்டும். கருங்கற்களிலுள்ள பெல்ஸ்பார் கனியமும் யூரோப்பியத்தை விரும்பி ஏற்பதால், நிலத்திலிருந்து வந்த மணலும் அதே மேட்டைத் தோற்றுவிக்கலாம். எது உண்மை என்பதை ஏனைய சான்றுகளோடு சேர்த்தே தீர்மானிக்க இயலும்.

சாட்சி கலையும் வழிகள்

நீதிமன்றத்தில் சாட்சியை ஏற்குமுன் குறுக்கு விசாரணை செய்வதுபோல் இங்கும் செய்ய வேண்டியிருக்கிறது. முதற் பகை சேறு. களிமண்ணில் அருமண் மூலகங்கள் கடல்நீரைவிடப் பலகோடி மடங்கு மிகுதியாக உள்ளன. சுண்ணாம்புக்கல்லில் சிறிதளவு களிமண் கலந்தாலும் கடலின் கைரேகை மங்கிச் சேற்றின் மட்டமான கோடு மேலோங்கிவிடும். அலுமினியம், தோரியம், ஸ்கந்தியம் முதலியவை அருமண் தொகையோடு சேர்ந்து உயர்கின்றனவா என்று பார்த்தால் இக்கலப்பு வெளிப்படும். வலிகாமத்துச் செம்மண் படிந்த கல்லைக் கழுவித் துப்புரவாக்காமல் சோதனைக்கு அனுப்பினால் கிடைப்பது செம்மண்ணின் கதையே அன்றிக் கடலின் கதையன்று.

ஆனால் சேறும் ஒரு செய்திதான். எந்தக் கடலில் சேறு மிகுந்திருந்தது, அது எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதையும் அதே மூலகங்கள் சொல்லவல்லன. தமிழகத்து ஆய்வுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அருமண் மூலகங்களை அளந்து மாதவராஜு, இராமசாமி ஆகியோர் 1999இல் கட்டுரை வெளியிட்டனர். டால்மியாபுரத்துக் கிரெத்தேசியக் காலச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி 2009இல் வெளிவந்த கட்டுரை, நிலத்திலிருந்து வந்த பொருள் எத்தகைய பாறைகளினது, கடல்நீரில் ஒட்சிசன் நிலை யாது என்ற இரு வினாக்களையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. நமக்கு மிக நெருக்கமானது கூடங்குளம். கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள அவ்விடத்தின் சுண்ணாம்புக்கல்லும் மயோசின் காலத்தது. 2003இல் வெளியான ஆய்வில் அதன் அருமண் கோடு கடல்நீரின் கோட்டை ஒத்திருக்கவில்லை. நிலத்திலிருந்து வந்த மணலும் களியும் அதில் கணிசமாகக் கலந்திருந்தமையே காரணம்.

இரண்டாவது பகை காலம். படிந்த சுண்ணம் கல்லாக இறுகும்போதும், கடல் விலகிய பின் மழைநீர் ஊறும்போதும் அதன் இரசாயனம் மாறலாம். நற்பேறாக மழைநீரில் அருமண் மூலகங்கள் மிகவும் சொற்பம். ஆகையால் ஏனைய மூலகங்கள் கரைந்து இடம்பெயர்ந்த பின்னரும் இவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகின்றன. எனினும் பெருமளவு மாற்றம் கண்ட கல்லை ஒதுக்கிவிடுவதே முறை. மங்கனீசு ஏறி ஸ்ரொன்சியம் இறங்கியிருந்தால் கல் மாற்றம் அடைந்திருக்கிறது என்று கொள்வர்.

இவ்விரு பகைகளையும் தவிர்க்கும் வகையிலேயே ஆய்வுகூட நடைமுறையும் அமைந்துள்ளது. முதலில் கல்லை மெல்லிய தகடாக அரிந்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். எது ஓடு, எது சேறு, எது பின்னர் படிந்த பளிங்கு என்பது அதில் தெரியும். தக்க இடத்திலிருந்து சிறிது தூள் எடுத்து, வினாகிரியின் சாரமான அசற்றிக் அமிலத்தை மென்மையான செறிவில் சேர்ப்பர். சுண்ணம் கரையும், களி பெரும்பாலும் கரையாது எஞ்சும். கரைந்ததை மட்டும் ஐசிபி-எம்எஸ் எனப்படும் திணிவு நிறமாலைக் கருவியில் அளப்பர். ஒரு சிட்டிகைத் தூளிலிருந்து பதினைந்து மூலகங்களின் அளவும் கிடைத்துவிடும்.

தண்ணீரோடு உள்ள தொடர்பு

இவையெல்லாம் அறிஞர்களுக்கு உவப்பான செய்திகள். உவர்க் கிணற்றோடு வாழும் தீவகத்தானுக்கு இதனால் ஆவதென்ன என்ற வினா எழலாம். நியாயமான வினா.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகிறது. உவர்நீரின் மேல் மிதக்கும் அந்த நன்னீரை வில்லை என்பர். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பழைய விதி. மறுபுறமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி இறங்க விட்டால் கீழிருந்து உவர் 40 அடி ஏறத் தலைப்படும். ஊர்காவற்றுறைப் பகுதியும் ஏனைய தீவுகளும் சிறிய வில்லைகளை நம்பியிருப்பவை. பரப்புச் சிறிதானால் வில்லையும் மெலிதாகும். இறுப்பிட்டியில் ஒரு வளவின் கிணறு இனிக்க அடுத்த வளவின் கிணறு கரிப்பது எங்ஙனம் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி கல்லின் அமைப்பில் இருக்கிறது.

அந்த அமைப்போ, கல் எத்தகைய கடலில் படிந்தது என்பதைப் பெரிதும் சார்ந்தது. அலையடித்த திட்டில் முருகையும் ஓடுகளும் குவிந்து உருவான கல்லில் இடைவெளிகள் மிகுதி. நீர் இலகுவில் ஓடும். அமைதியான களப்பில் நுண்சேறு படிந்து இறுகிய கல் நெருக்கமானது, நீரைத் தடுக்கும். ஒரே கிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டும் வரலாம். அருமண் மூலகங்கள் மட்டும் இதனைச் சொல்லிவிடா. நுணுக்குக்காட்டியும் உயிர்ச்சுவடும் அருமண் கோடும் சேரும்போது, எந்த ஆழத்தில் திறந்த கடல், எந்த ஆழத்தில் சேற்றுக் களப்பு என்ற வரைபடம் உருவாகும். நிலத்தின் கீழ் நீர் எங்கே தங்கும், எங்கே வழுகிக் கடலுக்கு ஓடும், மலசலக் குழியின் கழிவு எத்திசையில் பரவும் என்பனவற்றுக்கு அவ்வரைபடமே அடிப்படை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மாசு பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கும் நிலையில் இதனை ஆடம்பரமான அறிவு என்று தள்ளிவிட முடியாது.

உடைபடும் ஆவணம்

இந்தக் கல்லை நாம் நெடுங்காலமாக உடைத்தே வந்திருக்கிறோம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோகும் வரை யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லையே உண்டு வளர்ந்தது. பலருக்கு அது வாழ்வளித்தது; நாட்டுக்குச் சீமெந்து தந்தது. அதனை மறுப்பதற்கில்லை. விட்டுச்சென்ற ஆழமான குழிகளோ இன்றும் உள்ளன. அண்மைக் காலத்தில் பூநகரிப் பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழ்வு முயற்சிக்கு எதிராக 2023இலும் 2024இலும் மக்கள் திரண்டனர். கல்லை அகழ்ந்தால் உவர் உட்புகும் என்பதே அவர்களது அச்சம். அச்சத்தைச் சிலர் அறியாமை என்றனர். ஆனால் கல்லின் உள்ளமைப்பைச் சரிவரப் படிக்காமல் அகழ்ந்தால் தீங்கில்லை என்று அடித்துச் சொல்வதும் அறிவாகாது. இரு தரப்புக்கும் பொதுவாக வேண்டியிருப்பது, கல்லைப் பற்றிய உறுதியான தரவு.

அத்தரவைத் திரட்டப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு பழக்கம். ஆண்டுதோறும் வடக்கில் குழாய்க்கிணறுகள் துளைக்கப்படுகின்றன. துளைக்கும்போது மேலே வரும் கல்தூளும் துண்டுகளும் அவ்விடத்திலேயே கொட்டப்பட்டு மழையோடு போய்விடுகின்றன. ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு கைப்பிடி எடுத்து, இடமும் ஆழமும் திகதியும் எழுதிய பையிலிட்டுப் பாதுகாப்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கலாம். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும் நீர்வள சபையும் இதற்கு ஒழுங்கு செய்ய வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் ஒரு கல் மாதிரிக் களஞ்சியம் அமைவது பொருத்தமானது. புவிச்சரிதவியலுக்குத் தனித்துறை கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகத்தோடும், அரியலூரிலும் கூடங்குளத்திலும் பணிபுரிந்த தமிழக ஆய்வாளர்களோடும் கைகோத்தால் கருவிகளின் குறையும் தீரும். பேசாலையில் 1970களில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது எண்ணெய்க்காகப் பார்க்கப்பட்ட அதே பாறைகளை இன்று தண்ணீருக்காகப் பார்ப்போம்.

காங்கேசன்துறையின் பழைய குழிகளில் ஒன்றையாவது குப்பை கொட்டி மூடாமல், பாறை அடுக்குகள் தெரியும்படி மாணவர்களுக்காகப் பேணுவதும் அவசியம். மயோசின் கடலின் அடுக்குகளை வரிசையாகத் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் இந்நாட்டில் அதிகமில்லை. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மாணவர் இங்கு வந்து படிக்க வேண்டிய பாடசாலை அது.

தீவகத்தின் மக்கள் உலகெங்கும் சிதறிப்போயினர். வீடுகள் பாழடைந்தன; வளவுகளில் பற்றை மூடிற்று; ஊரின் பதிவுகளும் உறுதிகளும் பலவாறு அழிந்தன. அழியாமல் எஞ்சிய பழைய ஏடு ஒன்று உண்டென்றால் அது காலடியிலுள்ள கல்தான். அதனை வாசிக்கும் முறை உலகில் நிலைபெற்றுவிட்டது. இறுப்பிட்டியில் இனி ஒரு கிணறு வெட்டப்படும்போது, மேலே வரும் கல்லில் ஒரு துண்டையேனும் ஆழத்தைக் குறித்து எடுத்துவைக்கும் வழக்கம் உண்டாகட்டும். அக்கிணற்றுத் தண்ணீர் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நன்னீராக இருக்குமா என்பதை அறியும் முயற்சி அந்தத் துண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.